மி டிஹா

என் வாயில் ஒரு ‘ஹ’ இருக்கிறது. எழுத்தில் தெரியாது, பேசினால்தான் வெளியே வரும். ஊரெல்லாம் கணேசன் என்ற பெயரில் வரும் ‘க’வைப் போட்டு ‘பகல்’ என்று சொல்லும்போது நான் ‘பஹல்’ என்பேன். அப்பா சிலோன்காரர். முருகனைக் கூப்பிட்டாலும் அவருக்கு ‘முருஹா’தான். அவரிடமிருந்து வந்த சிலோன் பேச்செல்லாம் மலேசியாவில் எங்கள் மாசாய் ஊர் வெயிலில் ஆவியாகிப் போனது. இந்த ஹ மட்டும் போகவில்லை. பள்ளியில் என்னைக் கிருஷ்ணகுமாரி என்று கூப்பிட ஆளில்லை, ‘ஹா ஹா குமாரி’தான். கல்யாணமான பிறகு கணவர் குணாளன் அதையே செல்லமாகச் சொல்கிறார். செல்லமாகச் சொன்னாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

இந்த ஹ ஒருநாள் என் வேலைக்கே உலை வைக்கும் என்றோ, அதுவே பிறகு சோறும் போடும் என்றோ யாராவது சொல்லியிருந்தால் அவர் வாயைக் கழுவச் சொல்லியிருப்பேன்.

முன்பு எனக்குச் சிங்கப்பூரில் வேலை. கோழி எழுவதற்கு முன்பே எழுந்து, தூங்கும் மகளை அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, மோட்டார்சைக்கிள் கூட்டத்தோடு எல்லைப் பாலத்தில் புகையைக் குடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வரும்போது ஷர்மினி மறுபடியும் தூங்கியிருப்பாள். ஒருமுறை காய்ச்சலில் லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் ஓடினாள். “அப்பா, அம்மா பகல்லயும் இருக்காங்க!” என்று கத்தினாள். வீட்டுக்குள் உடும்பு வந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த வாரமே வேலையை விட்டேன்.

அப்படித்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தெப்ராவில் ஒரு சோபா கடைக்கு மேல்மாடியில் இருந்த கால் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். இத்தாலியில் காப்பி இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அங்கிருந்து போன் செய்வார்கள். அவர்கள் சொல்வதைக் கணினி மொழிபெயர்த்துத் திரையில் காட்டும். பதிலையும் அதுவே இத்தாலிய மொழியில் எழுதிக் கொடுக்கும். அதைப் படிப்பதுதான் எங்கள் வேலை. முதலில் படிப்பதையும் இயந்திரத்திடமே விட்டிருந்தார்களாம். அந்தக் குரலைக் கேட்ட இத்தாலிக்காரர்கள் காது கூசும்படித் திட்டியதால் மனித வாய் தேவைப்பட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாய் மட்டும் இருந்தால் போதும், மூளை கணினியுடையது.

எனக்குப் பிடித்தது வேலை நேரம். இத்தாலியில் விடியும்போது நமக்குச் சாயங்காலம் நெருங்கிவிடும். ஆகவே காலையிலிருந்து மதியம் வரை நான் வீட்டில். ஷர்மினிக்குத் தலை சீவி, சாப்பாடு ஊட்டி, பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டி வந்து, சண்டையும் போடலாம். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கடைசியில் ஒரு தேர்வு இருந்தது. தோற்றால் மறுபடியும் பாலம், மறுபடியும் புகை.

பயிற்சி கொடுத்தவர் லோரென்ட்சா. மிலானில் உட்கார்ந்துகொண்டு திரையில் வந்து ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார். யாரோ சேற்றுச் செருப்போடு வீட்டுக்குள் வந்துவிட்ட பாவனை எப்போதும் அவர் முகத்தில் இருக்கும். முதல் நாள் முழுக்க இரட்டை எழுத்துப் பாடம். ‘ஆன்னோ’ என்றால் வருஷம். ஒரு ‘ன்’ குறைந்து ‘ஆனோ’ ஆகிவிட்டால் ஆசனவாய். “புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப்போய் வாடிக்கையாளரின் ஆசனவாயை வாழ்த்தியவர்கள் இருக்கிறார்கள்,” என்று அவர் சிரிக்காமல் எச்சரித்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த விஜயன் என்னைப் பார்த்தான். குளுவாங் ஊரில் ரப்பர் பால்மரத் தோட்டத்துக் குடும்பத்துப் பையன், கணினியில் புலி. “என்னாக்கா இது, இதுக்கு ஒரு நாளா? கனிக்கும் கன்னிக்கும் வித்தியாசம் தெரியாதவன் எவன் லா?” என்றான். நாங்கள் ஒரு பிழையும் இல்லாமல் ஆன்னோ ஆன்னோ என்று சொல்லி முடித்தோம். லோரென்ட்சா அசந்துபோனார். அவர் எங்களைப் பார்த்து மகிழ்ந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

ரோமன் எழுத்தைப் பார்த்துப் படிப்பதுதான் கொடுமையாக இருந்தது. ஒரே எழுத்து ஓரிடத்தில் க, இன்னோரிடத்தில் ச. விஜயன் இரண்டு நாள் உட்கார்ந்து திரையில் வரும் இத்தாலியச் சொற்கள் தமிழ் எழுத்தில் வரும்படி செய்துவிட்டான். ஒவ்வோர் அழைப்புக்கும் முதலில் நாங்கள் சொல்ல வேண்டியது ‘மி டிகா’. சொல்லுங்கள் என்று அர்த்தம். திரையில் அழகாக, முத்து முத்தாக, மி டிகா.

விஜயன் அதைக் கணேசனின் க போட்டுப் படித்தான். வாயைத் திறந்த முதல் நாளே ஒரு பெண்மணி, “தம்பி, நீ வெனிஸ் பக்கமா?” என்று கேட்டார். அங்கேயும் கணேசனின் க-தானாம். நான் என் அப்பாவின் ஹ போட்டு, “மி டிஹா” என்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிலர் மட்டும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் புதிதா என்ன?

எங்கள் வாய் ஒரு பிரச்சினை என்றால் அவர்கள் வாய் பெரிய பிரச்சினை. கணினிக்குத் தெரிந்தது டிவியில் செய்தி வாசிப்பவர்களின் பேச்சு மட்டுமே. நேப்பிள்ஸ்காரர்கள் ஒவ்வொரு சொல்லின் வாலையும் விழுங்கிவிடுவார்கள். உடனே திரையில், “என் மாமியார் வடிகட்டியில் குடியிருக்கிறார்” என்று வரும். சிசிலியிலிருந்து ஓர் அம்மா அரைமணி நேரம் அழுதார். திரை தந்தது ஒரே வரி: “ஆவி வந்தால் பூனைக்குக் கல்யாணம்.” புரியவில்லை என்று சொல்லக் கூடாது, எந்த நாட்டில் இருக்கிறோம் என்றும் சொல்லக் கூடாது. கம்பெனியின் சட்டம் அது. எங்கள் தலைவர் ரூபேந்திரன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

“வெளங்கலன்னா ‘சி’ன்னு சொல்லுங்க. சின்னா ஆமா. அப்புறம் ஒரு வடிகட்டிய தபால்ல அனுப்பிருங்க. முடிஞ்சுச்சு கதை.”

மாமியாருக்கும் வடிகட்டி போனது. பூனைக்கும் போனது.

பிறகுதான் சிஞ்ஞோர், அதாவது திருவாளர், ஒரெஸ்தே போனில் வந்தார். நான் மி டிஹா என்றதும் மறுமுனையில் ஒரு கர்ஜனை. திரையில், “கடைசியில் ஒரு கிறிஸ்துவர்!” என்று வந்தது. நான் இந்து என்று சொல்ல வாய் எடுத்தேன். மனுஷன் என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவர் லிவோர்னோ என்ற துறைமுக ஊர்க்காரர். டஸ்கனி என்ற வட்டாரத்தில் இருக்கிறது. அந்த வட்டாரம் முழுக்க, நடுவில் வரும் க-வை ஹ என்றுதான் சொல்வார்களாம்! ஏழு கடல் தாண்டி என் அப்பாவின் வாய் அங்கே ஒரு மாநிலம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

“எந்த ஊர் நீ?” என்று கேட்டார். சொல்லக் கூடாது என்பது மண்டைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லையே. “மாசாய்,” என்றேன்.

“மாஸ்ஸா!” என்று கத்தினார் மனுஷன். டஸ்கனியில் மாஸ்ஸா என்று ஓர் ஊர் இருந்து தொலைத்திருக்கிறது. அதுவும் செத்துப்போன அவர் மனைவியின் ஊராக இருந்து தொலைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் திரையில் குழம்பிப் போனது. நான் சி, சி, சி என்றேன். அன்று மாலைக்குள் நான் மாஸ்ஸாவில் பிறந்தவள், என் அம்மா லிவோர்னோக்காரி என்பதெல்லாம் உறுதியாகிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

அவர் தினமும் கூப்பிட்டார். இயந்திரத்துக்கு ஒரு கேடும் இல்லை. அது மனைவியுடையது. இன்னும் காலையில் இரண்டு கோப்பை போட்டுவிட்டு, ஒன்றைக் கழுவுதொட்டியில் ஊற்றுகிறாராம். பேச ஆளில்லாமல் வடிகட்டியைச் சாக்கு வைத்துப் பேசினார். நான் ஹ போடும் இடத்தில் அவர் அதைக்கூடப் போட மாட்டார், எழுத்தையே தூக்கி எறிந்துவிடுவார். வீடு என்பது ‘காசா’. அவர் வாயில் அது ‘ஆசா’. கணினி அங்கேதான் தடுக்கி விழுந்தது. நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். எங்கே ஓட்டை கேட்கிறதோ அங்கே ஒரு க-வை நட்டுப் பார்ப்பேன். சொல் முளைத்துவிடும். கொஞ்ச நாளில் பாதிப் பேச்சு திரையைப் பார்க்காமலே புரிந்தது. எனக்கு அந்தக் கிழவரைப் பிடித்துப்போயிற்று. என் ஹ-வைக் கேட்டதும் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

இரண்டாவது ஆள் லோரென்ட்சாவாக இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை, அப்படி ஆகவும் இல்லை. பதிவுகளைக் கேட்டுவிட்டு அவர் திரையில் சிவந்த முகத்தோடு வந்தார்.

“இந்த ‘ஹ’ எங்கிருந்து வந்தது?”

“அப்பாகிட்டருந்து மேடம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“உங்கள் அப்பா டஸ்கனியா?”

“சிலோன்.”

நான் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். “அது பட்டிக்காட்டுப் பேச்சு. நம் கம்பெனியின் குரல் மிலான் குரல். சனிக்கிழமை உங்களுக்குத் தேர்வு. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு ஹ வந்தாலும் வேலை கிடையாது,” என்றார்.

சொல்வது சுலபம். தமிழ் வாயில் நடுவில் வரும் க ஒன்று ஹ ஆகும், இல்லையென்றால் கணேசனின் க ஆகும். அழுத்தினால் க்க ஆகிவிடும். அவர்களுக்கு வேண்டிய க இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. மெலியாமல், இரட்டிக்காமல், ஒற்றையாக நிற்க வேண்டும். நான் அழுத்திச் சொல்லிப் பார்த்தேன். மி டிக்கா. உடனே ஒருவர், “நீங்கள் சார்தீனியா தீவா? அங்கேதான் எல்லாவற்றையும் இரட்டிப்பார்கள்,” என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் இத்தாலியில் ஓர் ஊரில் போய் முட்டிக்கொள்கிறது. மிலானுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை.

வீட்டில் ஐஸ்பெட்டியின் முன்னால் நின்று பயிற்சி செய்தேன். “டிக்கா, டிக்கா, டிக்கா.”

“சிக்கனா, பன்னீரா?” என்றார் குணாளன் சாப்பாட்டு மேசையிலிருந்து.

“பேசாம இருங்க. வேல போச்சுன்னா நீங்களா பாலம் தாண்டிப் போவீங்க?”

அவர் அதற்குமேல் சிரிக்கவில்லை. ஷர்மினிதான் வீடு முழுக்க டிக்கா டிக்கா என்று குதித்துக்கொண்டிருந்தாள். விக்கல் வரும்போது தொண்டை அடைக்குமே, அப்படி மூச்சை ஒரு கணம் பிடித்து விட்டால் ஒற்றைக் க விழுகிறது என்று வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க விக்கிக்கொண்டே வேலை செய்தேன். அன்றைக்கு ஒரெஸ்தே கூப்பிட்டபோதும் என் கவனமெல்லாம் தொண்டையில்தான். அவர் ஏதோ கேட்டார். திரையில், “நாளை மீனுக்கு ரயில் பிடிக்குமா?” என்று வந்தது. நான் யோசிக்காமல், “சி,” என்றேன். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே போனை வைத்தார்.

சனிக்கிழமை. காதில் ஹெட்செட், திரை ஓரத்தில் லோரென்ட்சாவின் பெயர், பின்னால் ரூபேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு. முதல் அழைப்பு, மி டிகா, சுத்தம். இரண்டாவதும் சுத்தம். விஜயன் மேசைக்கு அடியில் கட்டைவிரலைக் காட்டினான். மூன்றாவது அழைப்பில் ரயில் சத்தம் கேட்டது.

“மி டிகா,” என்றேன். என் ஆயுளில் அவ்வளவு நல்ல க-வை நான் சொன்னதில்லை.

“நீங்கள் யாரம்மா?” என்றார் ஒரெஸ்தே. “அந்த மாஸ்ஸாப் பெண்ணைக் கூப்பிடுங்கள். நான் மாஸ்ஸா ஸ்டேஷனில் நிற்கிறேன். அவளுக்குக் கச்சூக்கோ கொண்டுவந்திருக்கிறேன். சனிக்கிழமை மீன்குழம்போடு ரயிலில் வந்தால் வருவாயா என்று கேட்டேன், வருவேன் என்றாளே.”

திரையில் என்னவோ மீனும் தொப்பியும் ஓடியது. எனக்குத் திரை வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ரூபேந்திரன் கத்திரிக்கோல் போல விரலை ஆட்டினார். வெட்டு, வெட்டு. வெட்டலாம். ஒரெஸ்தேவுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. அந்தப் பெண் இங்கே இல்லை என்று சுத்தமான மிலான் க-வில் சொல்லிவிட்டால் என் வேலை நிரந்தரம், பிள்ளைக்கு அம்மா நிரந்தரம். கிழவர் சூடு ஆறிய பானையைத் தூக்கிக்கொண்டு போகிற வருகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். வருகிறேன் என்ற ஆளுக்காகக் காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போகும் முகம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்குக் கோபம் வந்தது. கணினி மேல், மிலான் மேல், எல்லாவற்றுக்கும் சி சொன்ன என் வாய் மேல். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

“மி டிஹா, சிஞ்ஞோர் ஒரெஸ்தே,” என்றேன்.

“ஆ! நீதான்! எங்கே நிற்கிறாய்?”

“மாஸ்ஸா இல்லை. மாசாய். மலேசியாவில், ஜொகூரில் இருக்கிறது.” எனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியமெல்லாம் அவ்வளவுதான். “ஸ்கூஸி,” என்று மன்னிப்பும் கேட்டேன்.

ஸ்டேஷனில் ஏதோ அறிவிப்பு ஓடி முடிந்தது.

“மலேசியாவிலும் எங்களைப் போலவா பேசுகிறார்கள்?”

“கொஞ்சப் பேர். என் அப்பா.”

“ம்.” பிறகு மிகவும் ஜாக்கிரதையாக ஒரு கேள்வி. “நீ பீசாக்காரி இல்லையே? எங்கள் பக்கத்து ஊர், அந்தச் சாய்ந்த கோபுரத்து ஊர்?”

“நோ.”

“அப்பாடா! அப்படியென்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எங்கள் ஊர்ப் பழமொழி தெரியுமா? வாசலில் பீசாக்காரன் நிற்பதைவிட வீட்டுக்குள் பிணம் கிடப்பது மேல்!”

அப்போதுதான் என் காதுக்குள் ஒரு குண்டு வெடித்தது. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த லோரென்ட்சா அழைப்புக்குள்ளேயே குதித்துவிட்டார். “பீசாவுக்கு என்னய்யா குறைச்சல்? மீன் நாற்றம் பிடித்த ஊர்க்காரருக்கு வாயைப் பார்!” என்று கத்தினார். அதில் ஒரு க கூட இல்லை. ஹ கூட இல்லை. எல்லாம் ஓட்டை. மிலானும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மணி பச்சைப் பீசாக்காரி.

“பார்த்தாயா, பார்த்தாயா! எனக்குத் தெரியும், எங்கேயோ ஒரு பீசாக்காரி ஒளிந்திருக்கிறாள் என்று!” ஒரெஸ்தேவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவர் குழம்பை மறந்தார், என்னை மறந்தார். இருவரும் சண்டைக்கோழிகளாகக் கத்தினார்கள். இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் பேச்சும் ஒன்றாகவே கேட்டது. ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. நானும் விஜயனும் பகலா பஹலா என்று அடித்துக்கொண்டால் ஓர் இத்தாலிக்காரருக்கும் இப்படித்தான் இருக்கும் போல.

ரூபேந்திரன் குனிந்து என் திரையைப் பார்த்தார். “அலமாக்… இது எல்லாம் ரெக்கார்ட் ஆகுது லா,” என்று கிசுகிசுத்தார்.

அது லோரென்ட்சாவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திடீரென்று அவர் சத்தம் அறுந்தது. திங்கட்கிழமை அவரிடமிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. வட்டார உச்சரிப்பு வாடிக்கையாளருக்கு நெருக்கத்தைத் தருவதாக மேலிடம் உணர்வதால் கிருஷ்ணகுமாரி டஸ்கனிப் பிரிவிலும், விஜயன் வெனிஸ் பிரிவிலும் நிரந்தரமாக்கப்படுகிறார்கள். சனிக்கிழமைப் பதிவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டஸ்கனிக்கு இன்னும் ஆள் தேவை என்று, சிலோன் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது தெரியுமா என ரூபேந்திரன் மாசாய் கோயில் வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

குழம்பை ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம். ஒரெஸ்தே இப்போதும் தினமும் கூப்பிடுகிறார். என்னிடம் நலம் விசாரித்துவிட்டு, “அந்தப் பீசாக்காரி இருக்கிறாளா?” என்பார். நான் இணைப்பைக் கொடுத்துவிடுவேன். லோரென்ட்சா ஒருநாளும் மறுத்ததில்லை.

மின்னஞ்சல் வந்த மறுநாள் காலை, ஷர்மினியை மடியில் உட்காரவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“அம்மா, நாளைக்கும் பஹல்ல இருப்பீங்களா?”

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த குணாளனுக்கும் கேட்டிருக்கிறது. “போச்சுடா, வீட்டுல இன்னொரு ஹா ஹா,” என்றார். இந்த முறை எனக்கு எரியவில்லை.

“இருப்பேன்டி கண்ணு,” என்றேன். “இனிமே தினமும் பஹல்ல இருப்பேன்.”